கிறிஸ்துமஸ் பஞ்ச்: முதல் தடவை கலக்கப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் முப்பது பேருக்குக் குறையாமல் சாப்பாடு. கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் முந்தின வாரமே டின்னில் ஏறிவிடும். அன்றைக்கென்று கலக்க வேண்டியது பழ பஞ்ச் மட்டும்தான். இதை வருகிற வருஷத்திலிருந்து நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டது. மருமகள்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பேரன்மாருக்கும் கை இருக்கிறது. நான் சொல்கிறதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த நேரத்துக்கு ஊற்றப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விடியற்காலை ஆராதனை முடிந்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு, ஒரு சுற்றுத் தூங்கி எழுந்து, வெளியூர்க்காரர்கள் வந்து சேர்கிற பதினொரு மணிதான் பஞ்சுக்கு நேரம். பிரியாணியோடு வைத்தால் இரண்டும் கெடும். பெரிய டம்ளரில் ஊற்றினால் பிரியாணி மிஞ்சும், சமைத்தவர் முகம் வாடும். 150 மில்லி பிடிக்கிற சின்ன டம்ளர் போதும். கேட்கிறவர்களுக்கு இரண்டாவது தடவை ஊற்றலாம்.

2. பஞ்சுக்குப் புளிப்புதான் எஜமான். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் இனிப்பையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கடையில் கண்ட பழத்தையெல்லாம் ஒன்று விடாமல் வாங்கி மிக்ஸியில் அடிப்பார்கள். வாழைப்பழம், பப்பாளி, சப்போட்டா எல்லாம் சேர்ந்தால் அது பழக்கூழ். குடித்தால் தாகம் அடங்காது, தாகம் எடுக்கும். மாவு மாதிரி இருக்கிற பழம் எதுவும் இதற்குள் வரக்கூடாது. இனிப்பு, புளிப்பு, காரம், கொஞ்சம் துவர்ப்பு, தண்ணீர் இவ்வளவுதான் கணக்கு. 1632ஆம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் இந்தியாவிலிருந்து எழுதிய கடிதத்திலேயே பஞ்ச் குடிக்கிற பேச்சு வருகிறது. அவர்கள் ஊற்றியது சாராயம். கூட எலுமிச்சையும் சர்க்கரையும் மசாலாவும் தண்ணீரும். சாராயத்தை எடுத்துவிட்டுப் பழச்சாற்றை வைத்தாலும் மிச்சக் கணக்கு மாறவில்லை. எலுமிச்சை குறைந்தால் மற்ற எதைக் கூட்டினாலும் சப்பென்றுதான் இருக்கும்.

3. முப்பது பேருக்கு அளவு இது. பன்னீர் திராட்சை 2 கிலோ. கமலா ஆரஞ்சு 3 கிலோ. நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று, ஒன்றரைக் கிலோ இருக்கட்டும். எலுமிச்சை 15, அதில் மூன்று கைவசம் இருப்பு. இஞ்சி 100 கிராம். சீனி முக்கால் கிலோ. டீத்தூள் ஐந்து டீஸ்பூன். சாதா சோடா இரண்டு லிட்டர். மிதக்கவிட ஒரு ஆப்பிள், ஒரு மாதுளை. எல்லாம் சேர்ந்து எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆளுக்கு ஒன்றரை டம்ளர் என்று போட்டாலும் ஏழு லிட்டருக்குள் முடியும். மிச்சம், சொல்லாமல் வருகிறவர்களுக்கு. நம் வீட்டுக் கிறிஸ்துமஸில் சொல்லாமல் வருகிறவர்கள் ஐந்து பேருக்குக் குறைந்ததில்லை.

எலுமிச்சை வாங்கும்போது தோல் மெல்லியதாக, பளபளவென்று, கையில் கனமாக இருக்கிறதா பாருங்கள். நமக்குப் பக்கத்தில் புளியங்குடி இருக்கும்போது எலுமிச்சைக்குக் குறை சொல்ல முடியாது. தோல் தடித்த பெரிய காயை ஊறுகாய்க்கு விட்டுவிடுங்கள்.

4. திராட்சையில்தான் பாதி வேலை. பச்சை திராட்சை வேண்டாம், விதையில்லாத கறுப்பும் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பன்னீர் திராட்சைதான் வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். தோலும் விதையும் இருப்பதால் சாப்பிடச் சலித்துக்கொள்வார்கள், ஆனால் வாசனையும் நிறமும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. வருஷத்தில் பல தடவை அறுவடை இருப்பதால் டிசம்பரிலும் தட்டுப்பாடு இல்லை.

உப்புப் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். காம்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. காம்பு துவர்ப்பைக் கொட்டும். பாத்திரத்தில் பழத்தோடு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். கொதி வந்த பிறகு பத்து நிமிஷம். தோல் வெடித்து, சதை பிதுங்கி, தோலின் நிறமெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். மத்து போட்டுக் கடையாதீர்கள், மிக்ஸி பக்கம் கொண்டுபோகவே கூடாது. விதை உடைந்தால் கசப்பு வரும், அதை எந்தச் சீனியும் மறைக்காது. கரண்டியின் முதுகால் லேசாக அமுக்கினால் போதும். பிறகு வெள்ளைத் துணியில் ஊற்றி அதுவாக வடியட்டும். அவசரப்பட்டு முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கும்.

வடித்தது கருநீலமாக, பார்க்க மனசுக்குப் பிடிக்காத நிறத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் பளிச்சென்று சிவக்கும். தோலில் உள்ள நிறப்பொருளுக்கு அப்படி ஒரு குணம். புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகும். இதைச் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிச் செய்யுங்கள். அடுப்படிக்குள் கால் வைக்காத பேரன்கூட ஓடி வருவான். இந்த நிறம் இருக்கும்போது பவுடரும் எசன்ஸும் எதற்கு? ஆப்ப சோடா விழுந்த பாத்திரத்தைக் கழுவாமல் இதற்கு எடுக்காதீர்கள், நிறம் திரும்பவும் மங்கும்.

திராட்சைச் சாற்றை 24ஆம் தேதியே காய்ச்சி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். கெடாது. மறுநாள் ருசி கூடத்தான் செய்யும்.

5. ஆரஞ்சை முந்தின நாள் பிழியாதீர்கள். ஆரஞ்சு இனத்துச் சாறு எல்லாமே பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும். சாத்துக்குடி ரொம்ப மோசம். அதனால்தான் நம் அளவில் சாத்துக்குடியே இல்லை. காலையில் ஆராதனைக்குப் போய்வந்து, இரண்டு பேராக உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. குறுக்கே வெட்டிப் பிழிகிற கருவியில் போட்டால் தோலில் உள்ள எண்ணெயும் வெள்ளை நாரும் சேர்ந்து இறங்கும். உரித்து, நாரை எடுத்து, விதையை எடுத்து, சுளையைக் கையால் பிசைந்து சல்லடையில் வடியுங்கள். மிக்ஸியில் போடுவதானால் விதை ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதுவும் ஒரே ஒரு சுற்றுதான்.

டிசம்பரில் நாக்பூர் கமலா ஆரஞ்சு நன்றாக வரும். தோல் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றை உரித்துத் தின்று பார்த்த பிறகுதான் மூன்று கிலோ சொல்ல வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.

6. அன்னாசியை அடிப்பக்கம் முகர்ந்து வாங்குங்கள். வாசனை வரவில்லையென்றால் அது வெறும் முள். கேரளத்து வாழக்குளம் பழம் நம் ஊருக்கு நிறைய வருகிறது, இனிப்பும் உண்டு. தோலை ஆழமாகச் சீவி, கண்ணைச் சாய்வாக வகுந்தெடுத்து, நடுத்தண்டை நீக்கி, மிக்ஸியில் அடித்து வடித்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அன்னாசிக்கு ஒரு குணம் உண்டு. புரதத்தை அறுக்கிற சத்து அதற்குள் இருக்கிறது. நாக்கு எரிவதும் அதனால்தான். பாலில் பச்சையாகச் சேர்த்தால் பால் திரிந்து கசக்கும். கடையில் வாங்கும் ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் ஜெல்லி உறையாது. ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால் அந்தச் சத்து செத்துவிடும். நான் அன்னாசிச் சாற்றைக் காய்ச்சித்தான் சேர்ப்பேன். பிள்ளைகளுக்குப் பஞ்சில் ஜெல்லித் துண்டு மிதக்க வேண்டுமென்றால் ரம்ஜானுக்குச் செய்கிற கடற்பாசியை வாங்குங்கள். அது கடலில் விளைகிற பாசியிலிருந்து வருவது, புரதம் அல்ல. அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. மேலப்பாளையத்துத் தோழி வீட்டில் கற்றுக்கொண்டது இது. வெளியில் வைத்தாலும் உருகாது.

7. சீனியை நேராகப் பாத்திரத்தில் கொட்டிக் கலக்கினால் அடியில் மணலாகக் கிடக்கும், கடைசியில் குடிக்கிறவருக்குப் பாகு மட்டும் கிடைக்கும். முக்கால் கிலோ சீனிக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரையும்வரை காய்ச்சுங்கள். கம்பிப் பதம் வேண்டாம். அதிலேயே விரல் நீளத்துக்குப் பட்டை இரண்டு, கிராம்பு ஆறு. கிராம்பைக் கூட்டாதீர்கள், பல்வலி மருந்து வாசனை அடிக்கும். ஏலம் தட்டிப்போட வேண்டாம், பாயச நினைவு வந்துவிடும். ஆறியதும் மசாலாவை வடித்தெடுங்கள். ஊறிக் கிடந்தால் பட்டை தூக்கலாகிவிடும்.

சீனிக்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டி போடலாமா என்று கேட்பீர்கள். தனியாகச் சுக்கும் எலுமிச்சையும் சேர்த்தால் கருப்பட்டிக்கு ஈடு கிடையாது. அதைப் பானகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதில் போட்டால் நிறமும் போகும், திராட்சை வாசனையும் அமுங்கிவிடும்.

பாகை முழுவதும் ஒரேயடியாக ஊற்றக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு முதலில். மிச்சம் ருசி பார்த்துச் சேர்ப்பதற்கு.

8. இஞ்சியைத் தட்டிப் பிழிந்து ஒரு டம்ளரில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

9. டீ எதற்கு என்று எல்லா வருஷமும் ஒருவர் கேட்பார். கறுப்பு டீயின் துவர்ப்பு இல்லாவிட்டால் இது வெறும் ஜூஸ். ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் ஐந்து டீஸ்பூன் தூளைப் போட்டு மூடி நான்கு நிமிஷத்தில் வடியுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கடுக்கும். வெளியிலேயே ஆறட்டும், சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும். கலங்கினால் ருசிக்குக் கேடில்லை, பார்வைக்குத்தான். நீலகிரி டீயாக இருந்தால் வாசனை அருமையாக நிற்கும். குடிக்கிறவர்கள் டீ என்று கண்டுபிடிக்கக்கூடாது. கண்டுபிடித்தால் நீங்கள் தூளைக் கூட்டிவிட்டீர்கள்.

10. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம், செம்பு, அலுமினியச் சருவம் எதுவும் வேண்டாம். புளிப்பு உலோகத்தைத் தின்று களிம்பு ஏற்றும். எவர்சில்வர் அண்டா அல்லது கண்ணாடி. ஆச்சி காலத்துப் பித்தளை அண்டாவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நடுக்கூடத்தில் வைக்க உங்களுக்கு ஆசையாக இருந்தால், அதற்குள் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை இறக்கி, சுற்றிலும் ஐஸைப் போட்டு வையுங்கள். பார்வைக்குப் பார்வையும் ஆச்சு, பஞ்சும் தண்ணீராகாது.

11. ஐஸ். இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். டிசம்பராக இருந்தாலும் உச்சி நேரத்தில் நம் ஊரில் முப்பது டிகிரியைத் தொடும். முப்பது பேர் உட்கார்ந்த கூடம் வேறு. சின்னச் சின்ன ஐஸ் கட்டியாகப் போட்டால் கால் மணி நேரத்தில் கரைந்து எல்லாம் தண்ணீர். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும். டிபன் பாக்ஸில், சின்ன சம்படத்தில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி 23ஆம் தேதியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இன்னும் கெட்டிக்காரத்தனம் வேண்டுமென்றால் திராட்சைச் சாற்றிலேயே அரை லிட்டரை எடுத்து உறையவையுங்கள், கரைந்தாலும் பஞ்சுதானே!

கடையில் ஐஸ் பார் வாங்கிவரும் வேலையைக் கொழுந்தனிடம் ஒப்படைத்தால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மீனுக்குப் போடுகிற ஐஸ் சாப்பிடுவதற்கு அல்ல. சாப்பிடக்கூடாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. நீலமாக இல்லை என்பதற்காக எல்லாம் நல்ல ஐஸ் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த ஐஸை வெளிப்பாத்திரத்தில் சுற்றிப் போடலாம். பஞ்சுக்குள் விழுவது நம் வீட்டுத் தண்ணீராக இருக்கட்டும்.

12. கலக்குகிற வரிசை முக்கியம். திராட்சை, அன்னாசி, டீ முதலில். பிறகு பாகில் மூன்றில் இரண்டு பங்கு. அப்புறம் ஆரஞ்சு, இஞ்சி. எலுமிச்சை கடைசியில், அதுவும் பத்துக் காய்ச் சாற்றை ஊற்றிவிட்டு நில்லுங்கள். கால் டீஸ்பூன் உப்பு சேருங்கள். இப்போது ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து, ஐஸ் போட்டு, நன்றாகச் சில்லென்று ஆன பிறகு குடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது பார்த்த ருசியை நம்பாதீர்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும். சோடாவும் ஐஸும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் இந்த நேரத்தில் இனிப்பும் புளிப்பும் ஒரு படி தூக்கலாக இருந்தால்தான் சரி.

சப்பென்று இருந்தால் முதலில் எலுமிச்சை. அப்புறம்தான் பாகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பெரியவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்ல வருவார்கள். மாமாவுக்குச் சீனி போதாது, மதினிக்கு இஞ்சி அதிகம். எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு அண்டாவை மூடிவிடுங்கள்.

சோடா பாட்டிலை இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான சோடா திறந்த நிமிஷமே கேஸைத் தொலைத்துவிடும். பதினொரு மணிக்கு, டம்ளர்கள் தட்டில் அடுக்கிய பிறகு, அண்டாவின் ஓரமாகச் சாய்த்து ஊற்றி, கரண்டியை ஒரே ஒரு தடவை அடியிலிருந்து மேலே கொண்டுவந்தால் போதும். கிண்டினால் பொங்கி அடங்கிவிடும். பன்னீர் சோடா வேண்டாம்.

13. மிதக்கிற பழம் அழகுக்கு. ஆப்பிளைத் தோலோடு சின்னச் சதுரமாக நறுக்கி உடனே எலுமிச்சைத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. மாதுளை முத்து ஒரு கைப்பிடி. டூட்டி ஃப்ரூட்டி கேக்குக்கு மட்டும். புதினாவை அரைக்காதீர்கள், உள்ளங்கையில் வைத்துத் தட்டி மேலே போட்டால் வாசனை வந்துவிடும்.

14. யாருக்கு ஊற்றக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வீட்டில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பாகு சேர்க்காவிட்டாலும் பழச்சாறு பழச்சாறுதான், அதில் சீனி உண்டு. அதனால் அவர்களுக்கு ஒரு தனி ஜக்: டீ, எலுமிச்சை, இஞ்சி, உப்பு, சோடா, நிறத்துக்கு இரண்டு கரண்டி திராட்சைச் சாறு. அதே டம்ளரில், அதே மாதுளை முத்தோடு கொடுங்கள். பெரியப்பாவுக்கு மட்டும் வெறும் தண்ணீர் என்று எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் வேண்டுமென்றே மூன்று டம்ளர் குடிப்பார்.

பம்ப்ளிமாஸும் கிரேப் ஃப்ரூட்டும் சில கொழுப்பு மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகளின் வேகத்தை உடம்பில் கூட்டிவிடும். நட்சத்திரப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விஷம். பார்க்க அழகாக இருக்கிறதென்று நறுக்கி மிதக்கவிட்டுவிடாதீர்கள். தேன் சேர்த்தால் ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது.

15. திராட்சையைப் பானையில் ஈஸ்ட் போட்டு ஊறவைத்து ஒயின் செய்யலாமே என்று சில வீடுகளில் பேச்சு வரும். அது வேறு வேலை. தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது செய்தால் குற்றம். பஞ்ச் அண்டாவில் யாரும் எதையும் ரகசியமாக ஊற்றவும் விடாதீர்கள். அதிலிருந்துதான் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். அத்தான்மார் அந்தப் பக்கம் உலாவினால் கரண்டியைப் பெரிய மனுஷி ஒருத்தி கையில் கொடுத்து உட்காரவையுங்கள்.

16. முந்தின இரவு கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகள் வாசலில் பாட வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அவர்களுக்கு ஐஸ் பஞ்ச் கொடுக்காதீர்கள். காய்ச்சி வைத்த திராட்சைச் சாற்றில் கொஞ்சம் எடுத்து, பாகும் தட்டிய சுக்கும் போட்டுச் சூடாக்கி, கடைசியில் எலுமிச்சை பிழிந்து டம்ளரில் கொடுத்தால், அடுத்த வீட்டில் சுருதி சேரும். இதற்காகவே அரைக் கிலோ திராட்சையைக் கூடுதலாக வாங்குவது என் பழக்கம்.

17. சோடா ஊற்றிய பஞ்சை மிச்சம் வைத்துப் பிரயோஜனம் இல்லை. அதனால் எட்டு லிட்டரையும் ஒரேயடியாகக் கலக்காமல் இரண்டு ஈடாகக் கலந்தால் நல்லது. வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததையும், அடியில் ஊறிக் கிடக்கிற ஆப்பிளையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சோடா படாத கலவை மிஞ்சினால் அன்றைக்கே ஃப்ரீசருக்கு. டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் யாராவது ரசம் என்று எடுத்துச் சுடவைப்பார்கள். 31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு அது சரியாக இருக்கும். எலுமிச்சை நான்கும் சோடா ஒரு பாட்டிலும் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.